முதல் போனிலேயே ஃபீஸைச் சொல்லிவிடுங்கள்

கேள்வி: அன்புள்ள மேடம், எனக்கு வயது 34. எம்.எஸ்ஸி. கவுன்சலிங் சைக்காலஜி படித்திருக்கிறேன். திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கவுன்சலராக இருக்கிறேன். சம்பளம் 28,000 ரூபாய். வரும் ஜூனில் வேலையை விட்டுவிட்டு, ஓர் அறை எடுத்துச் சொந்தமாகத் தொடங்க ஆசை. போர்டில் எதையெல்லாம் போடுவது என்று பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன்: குழந்தைகள், டீன் ஏஜ், தம்பதிகள், குடிப்பழக்கம், பரீட்சை பயம், ஐ.க்யூ. டெஸ்ட். ஃபீஸ் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கூடப் படித்தவள் சென்னையில் 1,500 வாங்குகிறாள். ஒரு சீனியர், 'நம்ம ஊரில் 300-க்கு மேல் கேட்டால் யாரும் வர மாட்டார்கள்' என்கிறார். என் கணவர், முதல் செஷனை இலவசமாகக் கொடு, கூட்டம் தானாக வரும் என்கிறார். எனக்கோ பணம் கேட்க வாயே வருவதில்லை. என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட வேண்டாம், திருச்சி

பதில்: ஃபீஸை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தப் பட்டியலைக் கையில் எடுங்கள். அதில் பாதியை அடிக்க வேண்டும்.

ஐ.க்யூ. டெஸ்ட்டை அடித்துவிடுங்கள். மதுரையில் என் அறைக்கு வரும் போன்களில் பெற்றோர் அடிக்கடி கேட்பது இதைத்தான். "மேடம், பையனுக்கு ஒரு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்து சர்ட்டிபிகேட் தருவீங்களா?" டிஸ்லெக்சியா இருக்கும் பிள்ளைக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. அதற்காகத்தான் கேட்கிறார்கள். நீங்கள் ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்து, அது செல்லாது என்று திரும்பி வந்தால், அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடும். மதிப்பீடு செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இருக்கிறார். திருச்சியில் அப்படி ஒருவரைத் தேடிப் போய்ப் பார்த்து, அறிமுகம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் அவரிடம் அனுப்புவீர்கள், பேச்சு மட்டும் தேவைப்படுகிறவர்களை அவர் உங்களிடம் அனுப்புவார். போர்டில் 'கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்' என்றே போடுங்கள். 'கிளினிக்கல்' என்ற சொல் அந்தப் பதிவு உள்ளவர்களுக்கு உரியது. போர்டு எழுதுகிறவர் அழகுக்காக உங்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' சேர்ப்பார். அதையும் நின்று பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

குடிப்பழக்கத்தையும் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பல வருடமாகத் தினமும் நிறையக் குடிக்கிற ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்டு மனம் மாறி, அன்று ராத்திரியே அடியோடு நிறுத்திவிட்டால், அடுத்த இரண்டு நாளுக்குள் அவருக்கு வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த ஓரிரு நாளில் ஆள் தெரியாமல், இடம் தெரியாமல், இல்லாததைக் கண்டு பயந்து நடுங்கும் நிலைகூட வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. நிறுத்துகிற அந்த ஒரு வாரம் மனநல மருத்துவரின் கண்காணிப்பில் போக வேண்டும். அது முடிந்த பிறகு, மறுபடி குடிக்காமல் இருக்க உதவுவது நம் வேலை. மனைவிமார்கள் அழுதுகொண்டே போன் செய்வார்கள். "முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் இரண்டு பேரும் என்னிடம் வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். அந்த டாக்டரின் போன் நம்பரும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

தம்பதி கவுன்சலிங்குக்குத் தனிப் பயிற்சி வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு பயிற்சி பற்றி எதுவும் இல்லை. கணவனும் மனைவியும் ஒன்றாக உட்காருவார்கள். மறுநாள் ஒருவர் மட்டும் தனியாக போன் செய்து, "அவங்களுக்குத் தெரிய வேண்டாம் மேடம்" என்று ஒரு ரகசியத்தைச் சொல்லுவார். அந்த நிமிடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது முன்கூட்டியே முடிவாகி, இருவருக்கும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். முறையாகப் படித்துவிட்டு ஒரு வருடம் கழித்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது அந்த செஷன் 80 நிமிடம் போகும், கட்டணமும் ஒன்றரை மடங்கு வைக்கலாம்.

மிச்சம் இருப்பதைப் பாருங்கள். வளரிளம் பிள்ளைகள், பரீட்சை பயம், அவர்களின் பெற்றோர், கூடவே பதற்றமும் துக்கமுமாக வரும் பெரியவர்கள். பள்ளியில் நீங்கள் வருடக்கணக்காகச் செய்கிற வேலை இதுதான். நீட் தேர்வுக்கு மறுபடி மறுபடி எழுதுகிற பிள்ளைகளும் அவர்கள் வீடுகளும் படும் பாட்டைப் பள்ளிக் கவுன்சலர் அளவுக்கு வேறு யார் பார்த்திருக்கிறார்கள்? இவற்றை மட்டும் போடுங்கள். போர்டில் இடம் காலியாக இருந்தால் நேரத்தை எழுதுங்கள்.

பிள்ளைகளோடு வேலை செய்யும்போது பணம் கொடுப்பது ஒருவர், பேசுவது இன்னொருவர். இதை முதல் நாளே தெளிவாக்குங்கள். "உங்கள் மகள் சொல்வதையெல்லாம் உங்களிடம் ஒப்பிக்க மாட்டேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் கட்டாயம் சொல்வேன்." பெற்றோரையும் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைச் சொல்லுங்கள். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. தெரிவிக்காமல் விடுவது குற்றம். 'வெளியில் சொல்ல மாட்டேன்' என்று முழு வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதை மீற வேண்டி வந்தால், அந்தப் பிள்ளை வேறு யாரையும் நம்பாது. அதனால் விதிவிலக்கை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் பள்ளிப் பிள்ளைகளைத் தனியாக ஃபீஸ் வாங்கிக்கொண்டு பார்க்காதீர்கள். 'ஸ்கூலில் அரை மணி நேரம்தான், சாயங்காலம் என் ரூமுக்கு வாங்க' என்று சொன்ன மறுநாளே அந்தப் பெற்றோரின் நம்பிக்கையும் போகும், பள்ளியின் நம்பிக்கையும் போகும்.

சரி, இப்போது ஃபீஸ்.

சென்னைத் தோழி வாங்கும் 1,500-ஐயும் சீனியர் சொல்லும் 300-ஐயும் மறந்துவிட்டு ஒரு தாளை எடுங்கள். நான் உத்தேசமாகப் போடுகிறேன், நீங்கள் உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள். அறை வாடகை 9,000. தில்லை நகரில் ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே வேண்டும் என்றால் இது போதாது. உறையூர் பக்கமோ கே.கே. நகர் பக்கமோ பாருங்கள். வணிக இணைப்பில் கரண்ட் பில் 1,500. சுத்தம் செய்கிறவருக்கு 1,500. போனும் இன்டர்நெட்டும் 1,000. மாதம் இரண்டு முறை அனுபவமுள்ள ஒருவரிடம் சூப்பர்விஷன், அதாவது நாம் செய்கிற வேலையைச் சொல்லி வழிகாட்டுதல் பெறுவது, 3,000. தனியாகத் தொழில் செய்கிறவர்கள் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான், நீங்கள் வெட்டாதீர்கள். நாற்காலி, ஏசி, அட்வான்ஸ் என்று முதலில் போட்ட பணம் திரும்பி வர மாதம் 4,000. மொத்தம் 20,000. உங்கள் சம்பளம் 28,000. பள்ளியில் லீவு நாளுக்கும் சம்பளம் உண்டு, இங்கே கிடையாது. அதற்கு ஒரு 2,000 சேர்த்தால் மாதம் 50,000 வேண்டும்.

எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ஒரு நாளைக்கு நாலு பேர், வாரம் ஐந்து நாள், மாதம் 80 செஷன். எட்டுப் பேரைப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆறாவது ஆள் அழும்போது உங்கள் காது கேட்கும், மனது கேட்காது. அப்படி ஒருவரை உட்கார வைத்துப் பணம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த 80-லும் கால்வாசி விழுந்துவிடும். காய்ச்சல், கல்யாணம், சாவு வீடு, மே மாத லீவு, 'இன்னிக்கு வேண்டாம்னு தோணுச்சு மேடம்'. ஆக 60. ஐம்பதாயிரத்தை அறுபதால் வகுத்தால் 833.

அதையே ஃபீஸாக வைத்துவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு இடத்தைக் குறைந்த கட்டணத்துக்கென்று ஒதுக்குங்கள். வரவர ஆள் பார்த்து, முகம் பார்த்துக் குறைக்காதீர்கள். நன்றாக அழுகிறவருக்குக் குறையும், கூச்சப்பட்டு வாய் திறக்காதவர் முழுசாகக் கட்டிவிட்டுப் போவார். அந்த அநியாயம் நம் அறையில் நடக்கக் கூடாது. அந்த இடங்களிலும் கால்வாசி விழுந்தது போக, மாதம் ஆறு பேருக்கு 400, மற்ற 54 பேருக்கு 900 என்று வைத்தால் 51,000 வருகிறது. என் கணக்குப்படி உங்கள் ஃபீஸ் 900 ரூபாய், 50 நிமிடத்துக்கு. அந்த இரண்டு இடமும் நிரம்பிவிட்டால், "இப்போது இடம் இல்லை, காலியானதும் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி, பெயரைக் குறித்துக்கொண்டு, உண்மையாகவே கூப்பிடுங்கள். அதுவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இலவசமாகப் பார்ப்பார்கள் என்று வழி சொல்லுங்கள். ராத்திரி மனது தாங்காமல் போனால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 2022 முதல் இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். இந்த எண்ணை உங்கள் சுவரில் ஒட்டி வையுங்கள்.

300 ரூபாய் வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 60 பேருக்கு 18,000 வரும். அறைச் செலவுக்கே பற்றாது. ஆறு மாதத்தில் நீங்கள் பூட்டிக்கொண்டு போவீர்கள். உங்களிடம் மனதைத் திறந்து பாதி வழி வந்தவர்கள் நடுவில் நிற்பார்கள். உங்கள் சீனியர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அடுத்த வருடமும் நீங்கள் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும், அதற்குத்தான் இந்த ஃபீஸ்.

முதல் செஷன் இலவசம் என்பதும் வேண்டாம். இருப்பதிலேயே கஷ்டமான வேலை அந்த முதல் செஷன்தான். முழுக் கதையையும் கேட்டு, ஆபத்து இருக்கிறதா என்று பார்த்து, நம்மால் முடியுமா, வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவு செய்ய 75 நிமிடம் ஆகும். அதையும் 900-க்கே செய்யுங்கள். அதற்குப் பதிலாக போனில் பத்து நிமிடம் இலவசமாகப் பேசுங்கள். பத்து செஷனுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்ற 'பேக்கேஜ்' பழக்கம் இப்போது பரவி வருகிறது. நான் அதற்கு எதிரி. மூன்றாவது செஷனில் பிடிக்காமல் போனால் எழுந்து போகிற சுதந்திரம் அவர்களுக்கு இருக்க வேண்டும். கட்டின பணத்துக்காக உட்கார்ந்திருக்கக் கூடாது.

பணம் கேட்க வாய் வரவில்லை என்றீர்களே, அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, முதல் போனிலேயே சொல்லிவிடுவது. அந்த போன் இப்படித்தான் வரும்: "மேடம்... ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகும்? எத்தனை தடவை வரணும்?" இங்கே "வாங்க, பார்த்துக்கலாம்" என்று இழுக்கிறவர்கள் நம்மில் பலர். கேட்டவருக்கு ராத்திரி முழுக்க அதே கவலையாக இருக்கும். கடைசியில் வர மாட்டார், அல்லது கையில் இருக்கிறதையெல்லாம் எடுத்துக்கொண்டு வருவார். "ஒரு தடவைக்கு 900 ரூபாய். முதலில் நாலு தடவை பார்ப்போம். நாலாவது தடவை, போதுமா, இன்னும் வேண்டுமா என்று இரண்டு பேரும் சேர்ந்து பேசி முடிவு செய்வோம். உங்களால் முடியாது என்றால் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது." இவ்வளவுதான். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள், நீங்களாகக் குறைக்க ஆரம்பிக்காதீர்கள்.

மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வரும் பெண்ணுக்கு உங்கள் 900 என்பது வெறும் 900 இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். அவர் வருவது இலவச டவுன் பஸ்ஸில் இல்லை, டிக்கெட் எடுக்கிற பஸ்ஸில். அன்றைய கூலி போய்விடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாமியாருக்கு ஒரு காரணம் சொல்லிவிட்டு வந்திருப்பார். இப்படிப்பட்டவருக்கு வாரா வாரம் வாருங்கள் என்று சொல்லாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நடுவில் ஒருமுறை போனில் என்று பிரித்துக் கொடுங்கள். சேவையைத் திட்டமிடும்போது இதையும் எழுதி வைக்க வேண்டும்.

டாக்டர் யாராவது அல்லது மெடிக்கல் ஷாப்காரர், 'ஆள் அனுப்புகிறேன், தலைக்கு இவ்வளவு' என்பார். ஒரு ரூபாய்கூட வேண்டாம். மருத்துவர்கள் அப்படி கமிஷன் வாங்குவதை மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளே தடை செய்கின்றன. ஒரு குழந்தை மருத்துவரின் அறையைச் சாயங்காலம் வாடகைக்கு எடுக்கலாம், அது நல்ல யோசனையும்கூட. வாடகை மாதத்துக்கு இவ்வளவு என்று இருக்கட்டும், ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கக் கூடாது. அறை எடுக்கும்போது கதவைச் சாத்திவிட்டு உள்ளே ஒருவரைப் பேசச் சொல்லி, வெளியே காத்திருக்கும் பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். காதில் விழுந்தால் அந்த அறை வேண்டாம், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

ஜி.எஸ்.டி. பயம் இப்போதைக்கு வேண்டாம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவுக் கேள்வியே வரும். உங்கள் கணக்கில் வருடத்துக்கு ஆறு லட்சம் சொச்சம். ஆனால் ஒவ்வொருவருக்கும் ரசீது கொடுங்கள். ஜிபேயில் வந்தாலும் கொடுங்கள்.

கடைசியாக, ஜூனில் வேலையை விடாதீர்கள். 60 செஷன் முதல் மாதமே வந்துவிடாது. 15, 20 வந்தாலே நல்ல தொடக்கம். பள்ளியில் பகுதி நேரமாகக் கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு, சனிக்கிழமை முழு நாள் என்று ஆரம்பியுங்கள். மாதம் 35 செஷன் நிலையாக வர ஆரம்பித்த பிறகு ராஜினாமாவை யோசியுங்கள்.

* * *

கேள்வி: நான் இரண்டு மாதமாக ஒரு கவுன்சலரிடம் போகிறேன். போன வாரம் என் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதால் போக முடியவில்லை. கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு போன் செய்து சொன்னேன். அடுத்த முறை போனபோது, வராத நாளுக்குப் பாதி ஃபீஸ் கேட்டார்கள். மனது கஷ்டப்படுபவரிடம் இப்படிக் கேட்கலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருந்தார்களா? அதுதான் விஷயம். அந்த ஒரு மணி நேரத்தை உங்களுக்காக வைத்திருந்தார்கள், கடைசி நேரத்தில் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அதனால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லாவிட்டால் பாதிக் கட்டணம் என்ற விதி நியாயம்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் முதல் நாளே சொல்லாத விதியைப் பின்னால் கொண்டுவந்து நீட்டக் கூடாது. சொல்லியிருந்தாலும், வீட்டில் ஒருவர் விழுந்துவிட்ட நாளுக்கு அதைத் தள்ளுபடி செய்வதுதான் என் வழக்கம். உங்களுக்கு வருத்தமாக இருப்பதை அவரிடமே சொல்லுங்கள். "அன்று நீங்கள் பணம் கேட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது" என்று நேராகச் சொல்லலாம். நல்ல கவுன்சலர் அதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார், உங்களோடு உட்கார்ந்து அதைப் பேசுவார். கோபப்பட்டால், ஆளை மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

* * *

கேள்வி: பேச்சுப் பயிற்சித் துறையில் டிகிரி முடித்து, மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டேன். நாகர்கோவிலில் சொந்தமாக ஆரம்பிக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பேச்சு வராத குழந்தைகள், ஆட்டிசம் குழந்தைகள். மாதக் கட்டணம் வைப்பதா, செஷனுக்கு இவ்வளவு என்று வைப்பதா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: தம்பி, மேலே பேக்கேஜ் வேண்டாம் என்று எழுதினேன். உங்கள் வேலைக்கு அது அப்படியே பொருந்தாது. வாரம் மூன்று நாள் தவறாமல் வந்தால்தான் அந்தக் குழந்தைக்குப் பலன் இருக்கும், அதனால் மாதக் கட்டணமே நல்லது. ஆனால் முன்பணம் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். சளி, காய்ச்சலில் விடுபட்ட செஷனை அதே மாதத்துக்குள் ஈடு செய்து கொடுங்கள். முடியாமல் போனால் அடுத்த மாதத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

45 நிமிடத்தில் கடைசிப் பத்து நிமிடம் அம்மாவுக்கோ பாட்டிக்கோ சொல்லிக் கொடுப்பதற்கு என்று வையுங்கள். அன்றைக்கு என்ன செய்தோம், வீட்டில் சாப்பாடு ஊட்டும்போது அதை எப்படிச் செய்வது என்று காட்டுங்கள். அந்தப் பத்து நிமிடமும் கட்டணத்துக்குள் அடங்கியது என்று ஃபீஸ் அட்டையிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் 'குழந்தையோடு விளையாடின நேரம் குறைந்துவிட்டதே' என்று நினைப்பார்கள்.

பெற்றோரிடம் இரண்டு விஷயம் கட்டாயம் சொல்லுங்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவும் அதில் சேரும். அதற்கு உங்கள் ரசீதில் பதிவு எண், தேதி, செஷன் விவரம் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அடுத்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செயல்படும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் இதே பயிற்சி இலவசம். அதைச் சொன்னால் ஆள் போய்விடுவார்களே என்று பயப்பட வேண்டாம். அங்கே வாரம் ஒருநாளும் உங்களிடம் இரண்டு நாளும் என்று பிரித்துக்கொள்கிற குடும்பங்கள் வருவார்கள். அப்படி வருகிறவர்களுக்கு எட்டு செஷன் மாதக் கட்டணம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.